கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே பதினைந்து

கோதண்டம் சார் ஆபீசுக்குப் புதிதாக இரண்டு பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அளக்கிற டேப்பை எப்படிப் பிடிப்பது, குச்சியை எங்கே அடிப்பது என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், என்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

1. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஆபீஸ் வாசலில் ஒரு பெரியவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"கெணறு எங்க தோண்டணும்னு சொல்றதுக்கு ஒனக்கு இன்னாத்துக்குய்யா துட்டு? நாலு மாசம் முன்ன வரிக்கும் மேரில சும்மாதானே சொன்னாங்க?"

மேரி என்றால் கொம்யூன் ஆபீஸ், பஞ்சாயத்து மாதிரி. வயதானவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரைத்தான் சொல்வார்கள்.

கோதண்டம் சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பெரியவரே, மேரில இனிமே சொல்ல மாட்டாங்க. எங்கிட்டதான் வரணும்."

"ஏன், அவனுங்களுக்கு வாய் இல்லியா?"

"இருக்குது. இனிமே பேசாது."

"பேசாத வாய்க்கு சம்பளம் மட்டும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

விஷயம் இதுதான். அதுவரை வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ யார் கிணறு தோண்டினாலும், கக்கூஸ் கட்டி செப்டிக் டேங்க் வைத்தாலும், கொம்யூனில் இருந்து ஓவர்சீயர் சைக்கிளில் வருவார். மண்ணைப் பார்ப்பார், இடத்தைப் பார்ப்பார், "இங்க கெணறு, அங்க டேங்க்" என்று குச்சி அடித்துவிட்டு ஒரு டீ குடித்துப் போவார். பிறகு மேலே இருந்து உத்தரவு வந்தது. கொம்யூனில் ஆள் போதாதாம். இனிமேல் கிணறு, டேங்க் இரண்டுக்கும் அளந்து குறித்துக் கொடுப்பது, ப்ளான் போடுவது எல்லாம் பிரைவேட் ஆள்தான். கொம்யூன் அதில் சீல் மட்டும் வைக்கும். ஆனால் ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அதன்மேல் யாரோ சர்க்கஸ் நோட்டீஸ் ஒட்டிவிட்டான்.

கோதண்டம் சார் திண்டிவனத்துக்காரர். டிப்ளமோ படித்தவர். உத்தரவு வந்த சூட்டோடு வில்லியனூரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து போர்டு மாட்டிவிட்டார். என் அண்ணன் ஏழுமலை அதுவரை கொம்யூனில் தினக்கூலிக்கு ஓவர்சீயரோடு டேப் பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே வேலை நின்றதும் அவனை சார் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் அண்ணன் செத்துப்போனான். மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாச்சு, சோறு இறங்கவில்லை, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவ்வளவுதான். கல்யாணம் கூட ஆகவில்லை. காரியம் முடிந்த பிறகு சார் வீட்டுக்கு வந்தார். "ஏழுமல எடம் காலியாத்தான் இருக்குது. பொண்ணு வந்தா வரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனேன்.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. டேப் இருந்த தோல் டப்பாவைத் தொடவே பிடிக்கவில்லை. அதில் அண்ணன் வியர்வை வாசம் அடித்தது. போகிற வருகிற எல்லோரும் "நீ ஏழுமல தங்கச்சியா? ஐயோ, தங்கமான புள்ளையாச்சே, விதி" என்றார்கள். விதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வீட்டில் அம்மா அவன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுவதற்கு ஆள் இல்லாத சைக்கிளுக்கு எதற்குக் காற்று என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவள் பம்ப்பை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

2. என்ன பதினைந்து

நான் போன முதல் சைட் அரியூரில் ஜமால் பாய் வீடு. பாய்க்கு வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை. புது வீடு கட்டி முடிக்கும் நேரம். மகளுக்கு நிக்காஹ் குறித்துவிட்டார். வருகிற வாரம் வெள்ளிக்கிழமை, புது வீட்டிலேயே.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிய வேண்டும். முன்னால் தெருவை ஒட்டி வாசல். நடுவில் வீடு. பின்னால் தோட்டம். தோட்டத்துக் கடைசியில் கிணறு. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் கக்கூஸ், செப்டிக் டேங்க், அதற்குப் பக்கத்தில் சோக் பிட். டேங்க் என்பது சிமெண்ட் பூசின பெட்டி, அதிலிருந்து எதுவும் கசியாது. டேங்க்கில் தெளிந்து வழிகிற தண்ணீரை மண்ணுக்குள் விடுவது சோக் பிட். அதைத்தான் எல்லோரும் குழி என்போம். கிணற்றைக் கெடுப்பது குழிதான்.

குழியில் உறை இறக்கி, மேலே பலகை போல சிலாப் போட்டு மூடியிருந்தார்கள். கக்கூஸை இன்னும் யாரும் உபயோகிக்கவில்லை. சரிபார்த்துவிட்டு வரத்தான் நாங்கள் போனோம். நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். ஒரு குடம் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டினால் குழி சிலாப் நனையும் போலிருந்தது.

"ரொம்ப கிட்ட இருக்குதே சார்."

"கிட்டயா? பதினைஞ்சு இருக்குது. நானே அளந்தேன்."

"பதினைஞ்சு இன்னா சார்?"

"பதினைஞ்சு அடி. வேற இன்னா, பதினைஞ்சு படியா?"

அண்ணன் ராத்திரி சாப்பிடும்போது ஆபீஸ் கதையெல்லாம் சொல்வான். எங்கள் கொம்யூன் ஆட்கள் பழைய பிரெஞ்சுப் பழக்கத்தில் எதையும் மீட்டரில்தான் பேசுவார்கள். ஆனால் மீட்டர் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். எண்ணை மட்டும் சொல்வார்கள். கிணற்றில் இருந்து குழி பதினைந்து தள்ளி என்றால் பதினைந்து மீட்டர் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கோதண்டம் சார் ஊரில் எண்ணை மட்டும் சொன்னால் அது அடி. அண்ணன் சொல்லிச் சிரிப்பான்: "இந்த ஆளுக்கு அடி, அந்த ஆளுக்கு மீட்டரு. ரெண்டு பேரும் வெறும் நம்பர சொல்லிட்டு போயிடறானுங்க. நடுவுல நான் மூணேகாலால பெருக்கிக்கினே கெடக்கறேன்."

அண்ணன் இருந்தவரை ஒரு தப்பும் நடக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவன் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டிருந்தான். இந்தக் குழிக்குக் குச்சி அடித்தது அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்.

"இந்த பதினைஞ்ச யாரு சார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

பாய் முன்னால் வந்தார். "நான்தான்மா கேட்டாந்தேன். உத்தரவு வந்ததே எனக்குத் தெரியாது. பழய பழக்கத்துல ஓவர்சீயர போயி பாத்தேன். இனிமே என் வேல இல்ல பாய், இருந்தாலும் சொல்றேன், கெணத்துலேந்து பதினைஞ்சு வுட்டுடு, மீதிய அந்த பிரைவேட் ஆளு பாத்துக்குவாருன்னாரு. அத அப்படியே சார் கிட்ட சொன்னேன்."

"நானும் அப்படியே பாத்துக்கினேன்" என்றார் சார்.

"சார், அவரு சொன்னது மீட்டரு."

சார் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கோபம் வந்தது. "மீட்டருன்னா மீட்டருன்னு சொல்லணும்ல? உலகத்துல எவனாச்சும் மொட்டையா பதினைஞ்சும்பானா?"

"நீங்க மட்டும் அடின்னு சொல்றீங்களா சார்? நேத்து ஆபீசுல டேப்பு பழக்கும்போது கூட எட்டு புடின்னுதானே சொன்னீங்க."

"ஏய், வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆவல, வாய பாரு. கட்டியாச்சு, மூடியாச்சு. அடில மண்ணு இருக்குது, அது வடிகட்டித்தான் அனுப்பும். ஒண்ணும் ஆவாது."

"இது ஆத்து மணலு சார். வடிகட்டாது. அப்படியே ஓடும். எங்கண்ணன் காமாலைலதான் சார் செத்தான்."

சார் தரையைப் பார்த்தார். "அது வேறம்மா" என்றார்.

என்ன வேறு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தண்ணீரில் இருந்து வந்தது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கே குடித்த தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று பட்டால்தான் தெரியும். இந்தக் கிணற்றிலாவது அது நடக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான், வேறு பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை.

பாய் மனைவி ஹாஜிரா அக்கா பின்கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நேராக என்னிடம் வந்தார். "எனக்கு அடியும் வாணாம், மீட்டரும் வாணாம். இந்தத் தண்ணிய குடிக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுடி."

"இன்னிக்கு குடிக்கலாம் அக்கா. கக்கூஸ் தொறந்தப்புறம் கூடாது."

"அல்லாவே" என்றார். "இந்தத் தெருவே கோடைல இங்கதான் மொண்டுக்கினு போவுது."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழம சம்பந்தி வராங்க. கடலூரு டவுன் ஆளுங்க. வூட்டுக்குள்ளயே எல்லாம் இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப அவங்க கையில செம்ப குடுத்து கருவேலங்காட்டுக்கா அனுப்புறது?"

3. அலைந்தது

கொம்யூனில் இருந்து வந்து "குழியை மாற்று" என்று ஒரு வார்த்தை சொன்னால் சார் கேட்பார் என்று நினைத்து கொம்யூன் ஆபீசுக்குப் போனேன். எந்த கொம்யூன் என்று இங்கே எழுதவில்லை, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஓவர்சீயர் சீட்டில் இல்லை. கிளார்க் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒரு செப்டிக் டேங்க் விஷயம்."

"அது இப்ப எங்களுது இல்லம்மா."

"கெணத்துப் பக்கத்துல குழி வந்துடுச்சு சார்."

"கெணறும் எங்களுது இல்ல."

"அப்ப நீங்க இன்னாதான் சார் பாக்கறீங்க?"

"வர்ற ப்ளானு மேல சீல் வெக்கறோம்."

"ப்ளானு தப்பா இருந்தா?"

"வரைஞ்சவன போயி கேளு."

"வரைஞ்சவரு நீங்க சொன்னதத்தான் வரைஞ்சேங்கறாரு."

"நாங்கதான் இப்ப ஒண்ணும் சொல்றதே இல்லியேம்மா" என்றார். சொல்லிவிட்டு எனக்குக் கொஞ்சம் வேர்க்கடலை கொடுத்தார். நல்ல மனுஷன்தான். அதனால் என்ன பிரயோசனம்?

இந்த வேலையில் எல்லாவற்றையும்விட அலுப்பு இதுதான், புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் தப்பு நடந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். சைக்கிளில் வருவார், நிறுத்தித் திட்டலாம். இப்போது இரண்டு இடம். இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே போ என்பார்கள். நடுவில் இருக்கிற குழி யாருடையதும் இல்லை.

ஓவர்சீயரை டீக்கடையில் பிடித்தேன். உயரமான ஆள், ஒல்லி, முழுக்கை சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருப்பார். என்னைப் பார்த்ததும் "ஏழுமல தங்கச்சிதானே?" என்று கேட்டு எனக்கும் ஒரு டீ சொன்னார். விதி என்று சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அதுவும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது.

"சார், ஜமால் பாய்க்கு பதினைஞ்சுன்னு சொன்னீங்களே, அது மீட்டரா, அடியா?"

"பதினைஞ்சுன்னா பதினைஞ்சுதான்."

"மீட்டரா சார்?"

"பின்ன இன்னா? அடியா இருந்தா அடின்னு சொல்லுவேன்ல?"

"மீட்டரா இருந்தா மீட்டருன்னு சொல்லணும்ல சார்?"

"அது இன்னாத்துக்கும்மா தனியா சொல்லணும்?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

எனக்கு டீ கிளாசைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. "அத வந்து அந்த வூட்டுல சொல்லுங்க சார். ஒரே ஒரு வாட்டி."

"நான் வர மாட்டேன். எனக்கு அங்க வேலையே இல்ல. நான் வந்து நின்னா, உத்தரவு வந்தப்புறமும் இவன் எதுக்கு சுத்தறான், துட்டு வாங்கறானான்னு பேசுவாங்க."

திரும்பிப் போய் ஹாஜிரா அக்காவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வேலைக்கு கூப்ட்டா வரமாட்டாரா? விருந்துக்கு கூப்டறேன்" என்றார். நிக்காஹ் பத்திரிகையைப் பாயிடம் கொடுத்து ஓவர்சீயர் வீட்டுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை டீக்கு வந்து புது வீட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அழைப்பு. பத்திரிகை வைத்து அழைத்தால் யார் மாட்டேன் என்பார்கள்? கோதண்டம் சாருக்கும் அதே மாதிரி சொல்லியனுப்பினார்.

4. ஓவர்சீயர் நடந்தார்

இரண்டு பேரும் வந்தார்கள். ஹாலில் ஆளுக்கு ஒரு நாற்காலி. சமோசா, டீ. வீடு நன்றாக இருக்கிறது, ஜன்னல் நன்றாக இருக்கிறது என்று பேசினார்கள். பிறகு பாய் மெதுவாகக் குழிப் பேச்சை எடுத்தார். அவ்வளவுதான்.

"நீங்க சொன்னபடிதான் சார் வெச்சிருக்கேன்" என்றார் கோதண்டம் சார், ஓவர்சீயரிடம்.

"நான் சொன்னது அது இல்லப்பா."

"பதினைஞ்சு சொன்னீங்களா இல்லியா?"

"பதினைஞ்சுதான் சொன்னேன்."

"பதினைஞ்சுதான் இருக்குது."

"பதினைஞ்சு இல்ல."

இப்படியே போனது. ஒருவர் வாயில் மீட்டர் வரவில்லை, ஒருவர் வாயில் அடி வரவில்லை. வந்தால் தோற்றுப்போன மாதிரி நினைத்தார்களோ என்னவோ. நான் சுவரோரம் டேப்பை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"நடந்து காட்டுங்க சார்!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நம்பர் வாணாம். கெணத்துலேந்து பொறப்புட்டு நீங்க நெனச்ச எடம் வரிக்கும் நடந்து காட்டுங்க. எங்க நிக்கறீங்களோ அதான் பதினைஞ்சு."

சமோசாவைக் கீழே வைத்துவிட்டு ஓவர்சீயர் எழுந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே கிணற்றடிக்குப் போனோம். அவர் கிணற்றுச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து நின்றார். பிறகு நீளமாகக் காலை எட்டி வைத்து நடந்தார். ஒரு எட்டு ஒரு மீட்டர். அத்தனை வருஷமாகப் பழகின கால். வாய்க்குள் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே போனார்: "அன், தூ, த்ருவா..."

குழி சிலாப் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஏறி மிதித்துத் தாண்டிப் போனார். கோதண்டம் சார் முகம் அங்கேயே சுருங்கிவிட்டது. பின்கதவு திறந்திருந்தது. ஓவர்சீயர் செருப்போடு உள்ளே போனார். சமையல்கட்டில் ஹாஜிரா அக்கா உரித்து வைத்திருந்த வெங்காய முறத்தைத் தாண்டினார். ஹாலில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திவிட்டு நடந்தார். அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த பாயின் மகள் காலை இழுத்துக்கொண்டாள். முன்கதவைத் தாண்டி, படி இறங்கி, வாசல் நடுவில் போய் நின்றார்.

"இங்க" என்றார்.

பாய் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், இது வாசலு" என்றார் பாய்.

"அதுக்கு நான் இன்னா பண்றது பாய்? பதினைஞ்சு இங்கதான் இருக்குது."

கோதண்டம் சார் தலையைச் சொறிந்தார். "மீட்டரு" என்றார், தனக்குத்தானே. அன்றைக்கு அந்த இரண்டு பேரில் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னது அவர்தான்.

5. வாசலில் குழி

வேறு இடமே இல்லையா என்று பார்த்தோம். கிணற்றுக்குப் பின்னால் அடுத்தவர் கொல்லை. ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் ஒரு ஆள் போகிற சந்து. டேங்க் இருக்கிற இடத்தில் இருக்கலாம், குழியை மட்டும் வாசலுக்குக் கொண்டு வந்து, சந்து வழியாகப் பைப் போட்டுவிடலாம் என்று ஓவர்சீயர் சொன்னார். முடியும் என்று சாரும் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஒத்துக்கொள்ளாதது பாய்.

"வாசல்லயா? நிக்காஹ் வூட்டு வாசல்ல கக்கூஸ் குழியா? சம்பந்தி வந்து செருப்பு கழட்டறதே அதும் மேலயா? நாளைக்கு கடலூரு பூரா சிரிக்கும். எம் பொண்ணு அங்க போயி எப்படி வாழும்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது கோதண்டம் சார் ஒரு யோசனை சொன்னார். "பாய், இப்ப ஒண்ணும் மாத்த வாணாம். விசேஷம் முடியட்டும். ரெண்டு நாளு இருக்கறதையே ஓட்டிக்கலாம். ரெண்டு நாள்ல கெணத்துக்கு இன்னா ஆயிடப் போவுது? அப்பால நிதானமா மாத்திடலாம்."

பாய் முகம் தெளிந்தது. "ஆமா, ரெண்டு நாளுதானே" என்றார்.

எனக்குத் தெரியும், அந்த இரண்டு நாள் இரண்டு வருஷம் ஆகும். மூடின குழியை யார் திரும்பத் தோண்டுவார்கள்? வாயைத் திறப்பதற்குள் ஹாஜிரா அக்கா உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். கடைக்கு வாங்கி வைத்திருந்த பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கக்கூஸ் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வாசல்ல குழி வெட்டற வரிக்கும் சாவி எங்கிட்ட."

"அடியே, சம்பந்தி வராங்கடி."

"வரட்டும். கருவேலங்காட்டுக்கு நீங்களே முன்ன நடந்து வழி காட்டுங்க."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊரு சிரிச்சு எவனும் சாவல" என்றார். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டு, "சரி, வெட்டு" என்றார்.

மறுநாளே வாசலில் தோண்ட ஆரம்பித்தோம். யார் செலவு என்று அதற்கு ஒரு சண்டை. கடைசியில் ஆள் சாருடையது, உறையும் பைப்பும் பாயுடையது என்று முடிந்தது. ஓவர்சீயர் வேலை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் ஆபீஸ் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். சந்தில் பைப் போடும்போது கொத்தனார் "வாட்டம் எவ்ளோ வெக்கறது?" என்று கேட்டார். தண்ணீர் ஓடுவதற்காகப் பைப்பைச் சரிவாக வைப்பதற்கு வாட்டம் என்று பெயர். சார் ஒரு நம்பர் சொன்னார். சைக்கிளில் உட்கார்ந்தபடி ஓவர்சீயர் ஒரு நம்பர் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே சரிவுதான் மனசில் இருந்திருக்கும், ஆனால் கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேரும் வாய மூடுங்க சார்" என்று நான் சொல்லிவிட்டு, பைப்பின் ஒரு முனையைக் கல் வைத்து உயர்த்தி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். நிற்காமல் ஓடியது. "இதே மாதிரி போடுங்க" என்றேன்.

பின்னால் இருந்த பழைய குழியின் சிலாப்பை உடைத்து மணல் கொட்டி மூடினோம். அது ஒரு நாளும் உபயோகத்துக்கு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. வாசல் நடுவில் சிமெண்ட் சிலாப் ஒரு மேடை மாதிரி எழும்பி நின்றது. பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பந்தல்காரனைக் கூப்பிட்டு அதன்மேல் ஜமுக்காளம் விரிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வண்டியில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, அத்தர் வாசம். முதல் பார்வையே மேடைமேல்தான். "இன்னா பாய், வாசல்லயே மேடயெல்லாம் கட்டி வெச்சிருக்கீங்க?"

பாய் ஒரு நொடி விழித்தார். "மாப்ளைக்குத்தான்" என்றார்.

சம்பந்திக்கு ஒரே சந்தோஷம். தன் பிள்ளைக்காக வீட்டு வாசலில் மேடை கட்டியிருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாப்பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்து மாலை போட்டார்கள். ஓவர்சீயரும் கோதண்டம் சாரும் பந்தல் மூலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யாராவது வந்து உங்களிடம் ஒரு நம்பர் சொன்னால் அதை நம்பிக் குச்சி அடிக்காதீர்கள். அவர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்கலாம், கொம்யூனாக இருக்கலாம், பிரைவேட்டாக இருக்கலாம். சொன்னவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் நடக்கச் சொல்லுங்கள். கோபிப்பார்கள். என்னையும் கோபித்தார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே அடியுங்கள். முன்னால் இது யார் வேலை, இப்போது யார் வேலை என்று அவர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும். தண்ணீர் குடிக்கிறவன் கொம்யூன் தண்ணியா, பிரைவேட் தண்ணியா என்று கேட்டுக் குடிப்பதில்லை.

அன்றைக்கு நானும் விருந்துக்கு இருந்தேன். சமையல்கட்டுப் பக்கம் பெண்களோடு உட்கார வைத்தார்கள். பிரியாணி காரம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போனதில் இருந்து நான் வெளியே எங்கேயும் தண்ணீர் குடிப்பதில்லை. அவன் வெயிலில் வேலை செய்துவிட்டு எந்த வீட்டில் செம்பை நீட்டினாலும் அண்ணாந்து குடித்துவிடுவான். எனக்குத் தொண்டை காய்ந்தாலும் வீட்டுக்குப் போய்த்தான். ஹாஜிரா அக்காவிடம் இதை நான் சொன்னதில்லை. அவராகவே கவனித்திருக்கிறார். கூஜாவும் டம்ளருமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணிடி இது. ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். பயப்படாம குடி."

நான் கூஜாவைப் பார்த்தேன். பின்கதவு வழியாகக் கிணறு தெரிந்தது. யாரோ ஒரு பெண் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இது இருக்கட்டும் அக்கா" என்றேன். "அந்த வாளி மேல வரட்டும். அதுலேந்து மொண்டு குடுங்க."